வீட்டில் எஞ்சினை இறக்கி ஏற்றுவோர் கவனத்திற்கு

சொந்தக் காரை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கும் ஆர்வம் நம் சங்கக் குடும்பங்களில் பலருக்கு உண்டு. எஞ்சினை இறக்கி வேறொன்று ஏற்றுவதும் முடியாத காரியம் அல்ல. ஆனால் அதில் ஸ்பேனர் வேலையை விடத் தூக்கும் வேலைக்கே அதிகக் கவனம் தேவை. நான் பட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றபின் கார்வேட்டிநகரத்தில் குடியிருக்கிறேன். என் தமையனார் வைத்திருந்த 1984ஆம் வருட அம்பாசிடர் அளவுக்கு மீறிப் புகை கக்கியது. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டே நின்றுவிட்டதால், சென்னை புதுப்பேட்டையில் அதே வகைப் பழைய எஞ்சினை ரசீதோடு வாங்கி வந்தேன்.

1489 சி.சி. கொண்ட அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாது. வீட்டு மாமரக் கிளையில் செயின் பிளாக்கை மாட்டித் தூக்கினேன். ஒரு முழம் எழும்பியதும் கிளை முறிந்து எஞ்சின் விழுந்தது. தங்கை மகனின் கால் ஒரு சாண் தள்ளி இருந்தது. இல்லாவிட்டால் அன்றே புத்தூர் கட்டுக்கு ஓடியிருப்போம். தொங்கும் பாரத்தின் அருகே நிற்காதே என்று பணிமனையில் முப்பது வருஷம் பிறருக்குச் சொன்னவன், என் வீட்டில் அதை மறந்தேன்.

மறுமுறை செய்த முறை இது:

1. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, பெட்ரோல் குழாயின் வாயை அடையுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டுக் கட்டுங்கள். பானெட், ரேடியேட்டர், சைலன்சர் பைப் ஆகியவற்றைப் பிரித்து எடுங்கள்.

2. போர் மோட்டார் தூக்குவோரிடம் இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும். கெட்டித் தரையில் நிறுத்தி, கால்கள் விலகாதபடி சங்கிலியால் பிணையுங்கள். ஒரு டன் செயின் பிளாக் போதும். மரக்கிளை, வீட்டு உத்தரம் இரண்டும் வேண்டாம்.

3. கியர் பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். மவுண்டிங் போல்டுகளைக் கழற்றி, எஞ்சினை முதலில் முன்பக்கமாக நேராக இழுங்கள். கியர் பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சிலிருந்து முழுவதும் விடுபட்ட பிறகே மேலே தூக்குங்கள். அவசரப்பட்டால் பாரம் ஷாஃப்ட்டில் தொங்கிக் கிளட்ச் பிளேட் கோணிவிடும்.

4. தூக்கிய எஞ்சினை நகர்த்தாதீர்கள். காரைப் பின்னால் தள்ளிவிட்டு, எஞ்சினை உடனே பழைய டயர் மீது இறக்குங்கள். தொங்கவிட்டபடி எந்த வேலையும் கூடாது.

5. ஏற்றும்போது கிளட்ச் பிளேட்டை நடுமையத்தில் வைத்து முடுக்குங்கள். பழைய ஷாஃப்ட் ஒன்றை அளவுக்குச் செருகிப் பார்த்தால் போதும். ஷாஃப்ட் நுழையவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுத்தால் பிளேட் கெடும். புது ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்னொன்று, எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.சி.யையும் திருத்த வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ரசீது இல்லாத எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. அந்த இரண்டு நாளும் பிள்ளைகளை முக்காலியின் பக்கம் விடவில்லை. மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகலாம். ஆனால் பிள்ளையின் காலுக்கு விலை ஏது?