மைநாகமும் சிப்பாடானும்

சுந்தர காண்டத்தில் அனுமன் கடலைத் தாண்டும்போது, மைநாக மலை நீருக்குள்ளிருந்து எழுந்து விருந்துக்கு அழைக்கும். அவர் தங்காமல் கிளம்பிவிட்டார். மீன்கள் அப்படி இல்லை, நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்! (புராணத்தில் கடலியல் இருக்குன்னு சொல்ல வரலை. உவமை பொருந்துது, அவ்வளவுதான்.)

நம்ம நாட்டிலேயே அப்படி ஒரு மலை உண்டு. சபாவின் செம்பூர்ணாவுக்கு அப்பால் உள்ள சிப்பாடான், அணைந்த எரிமலையின் உச்சியில் பவளம் வளர்ந்து உருவான தீவு. கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். 833 மீட்டர் உள்ள நம் கொடிமலையைவிடக் கொஞ்சம் குட்டை. அங்கே சீலா மீன்களும் பாரைகளும் பெருங்கூட்டமாகச் சூறாவளி போல வட்டமிடும்.

ஏன் அங்கே? நடுக்கடல் ஒரு வகைப் பாலைவனம். வெளிச்சம் மேலே, உரச்சத்து இருண்ட ஆழத்தில். ஆயர் ஈத்தாமிலிருந்து காலையில் கொடிமலையைப் பாருங்கள்: காற்று மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து மேகமாகும். நீரோட்டமும் கடல்மலையில் மோதினால் ஆழத்து நீர் மேலே தள்ளப்படும். சில மலைகளில் நீர் உச்சிக்கு மேலேயே சுழன்று நிற்கும். அதை டெய்லர் தூண் என்பார்கள். பலர் விளக்கத்தை இதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த உரத்தில் நுண்பாசி வளர்ந்து, அது மீன்வரை போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீரோட்டம் எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடுமே?

எனக்கு இன்னொரு காரணம்தான் பலமாகப் படுகிறது. குட்டி மிதவை உயிர்கள் இரவில் மேலே வந்து மேயும், விடியும்போது ஆழத்து இருட்டில் இறங்கி ஒளியும். இரவில் நீரோட்டம் அவற்றை ஒரு மலையுச்சிக்கு மேல் கொண்டுவந்துவிட்டால்? காலையில் இறங்கப் பார்த்தால் கீழே தரை! வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டதைச் சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். உச்சி நீருக்குள்ளேயே, ரொம்ப ஆழமில்லாமல் இருக்கும் மலைகளில் தினமும் இதே கதைதான்.

சாப்பாடு மட்டுமல்ல. கலிபோர்னியா வளைகுடாவில் பீட்டர் கிளிம்லி என்ற ஆய்வாளர் கொம்பன் சுறாக்களைப் பின்தொடர்ந்தார். பகலில் மலையருகே கூட்டம், இரவில் வெளியே வேட்டை, விடிந்ததும் அதே மலை. பாறைகளின் காந்தப்புலமே அவற்றுக்கு வழிகாட்டி என்பது அவர் கருத்து.

ஓரிடத்தில் கூடினால் பிடிப்பதும் சுலபம். நியூசிலாந்துக் கடல்மலைகளில் ஆரஞ்சு ரஃபி மீனை 1980களில் இழுவலை போட்டு வாரினார்கள். நூறு வயதைத் தாண்டி வாழும் மீன் அது. முட்டையிடும் பருவம் வரவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். பல இடங்களில் சில வருஷத்திலேயே அள்ளி முடித்துவிட்டார்கள். சிப்பாடானில் 2004 கடைசியில் விடுதிகளை அகற்றினார்கள். முக்குளிக்கவும் தினசரி வரம்பு உண்டு. கண்ணுக்கே தெரியாத மலைக்கு இப்படிக் காவல் போடுவது சுலபமில்லை.