ஒரு குட்டையில் எத்தனை தவளை?

அக்டோபரில் முதல் கனமழை பெய்த ராத்திரி. கரண்ட் போயாச்சு. ஃபேன் நின்னதும் வெளியே ஒரே சத்தம். "தவளை கத்துது" என்று புரண்டு படுத்திருப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். மூணாவது வருஷம்தான், ஈசிஇ புத்தி சும்மா இருக்குமா, அந்தச் சத்தத்தை போனில் ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்பில் ஸ்பெக்ட்ரோகிராமாகப் போட்டுப் பார்த்தேன். கத்தினது ஒரு வகை தவளை இல்லை மக்களே. தனித்தனியாக நாலு பட்டை தெரிந்தது. நெட்டில் இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டால் நாலும் நாலு இனம்!

ரெக்கார்ட் பண்ணின இடம் காடு இல்லை. பெருங்களத்தூரில் எங்க வீட்டுக்கு எதிரே இருக்கும் காலி மனை. கணுக்கால் ஆழத் தண்ணீர், கொஞ்சம் கோரைப்புல், அவ்வளவுதான். அந்த மனைதான் இன்றைய பாடம்.

யார் யார் இருக்காங்க?

புல் ஃப்ராக்: புல்லில் வாழ்வதால் வந்த பேர் இல்லை, இந்த 'புல்' இங்கிலீஷ் காளை! நம்ம ஊரின் பெரிய தவளை. மழை தொடங்கியதும் ஆண் தவளை பளீர் மஞ்சளாக மாறும், தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பும்.

கிரிக்கெட் தவளை: நிஜமான புல்வெளித் தவளை இதுதான். சின்ன உடம்பு, முதுகில் நீளவாக்கில் மடிப்புகள். புல்லுக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

மைக்ரோஹைலா: காசு அளவுதான். சத்தம் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிசு.

பலூன் தவளை: உருண்டை உடம்பு, பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு புடைப்பு. பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும். கரையானும் எறும்பும் அதன் சாப்பாடு.

இவை போக, பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தும் மரத்தவளையும், தெருவிளக்கு அடியில் பூச்சி பிடிக்கும் தேரையும் உண்டு.

சண்டை இல்லாமல் எப்படி?

ஒரே சேனலில் பல சிக்னல் அனுப்ப நாம் என்ன செய்வோம்? அலைவரிசையைப் பிரிப்போம், இல்லை நேரத்தைப் பிரிப்போம். தவளைகள் இரண்டையும் செய்கின்றன. பெரிய உடம்புக்குத் தாழ்ந்த சத்தம், சின்ன உடம்புக்குக் கீச்சுச் சத்தம். பெண் தவளையின் காது தன் இனத்தின் அழைப்புக்கு ட்யூன் ஆகியிருக்கும். புல் ஃப்ராக்கும் பலூன் தவளையும் முதல் பெருமழையின் சில ராத்திரிகளில் வந்து வேலையை முடித்துக்கொள்ளும். கிரிக்கெட் தவளை சீசன் முழுக்கக் கத்தும். இடமும் வேற: பலூன் தவளை தண்ணீரில் மிதந்தபடி, கிரிக்கெட் தவளை ஓரத்து ஈரத்தில், மரத்தவளை செடியிலோ சுவரிலோ.

தலைப்பிரட்டைகளிலும் இதே கதை. மைக்ரோஹைலாவின் குட்டிகள் கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீரில் மிதந்து நுண்ணுயிர்களை வடிகட்டிச் சாப்பிடும். கிரிக்கெட் தவளையின் குட்டிகள் அடியில் மேயும். புல் ஃப்ராக்கின் குட்டிகள் மற்ற தலைப்பிரட்டைகளையே தின்னும்!

ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே டைகடீனா என்ற புல் தவளைகளில் மட்டும் சுமார் 60 இனங்கள். கூர்மூக்கு, நீளக்கால், முதுகில் வரி வரியாக மடிப்பு. 1977-ல் தென்னாப்பிரிக்காவில் அவற்றில் ஒன்று மூன்று தாவலில் 10.3 மீட்டர் கடந்து உலக சாதனை படைத்தது. பார்த்தால் ஒரே மாதிரி இருப்பதால் பல இனங்களை ஒரே பேரில் வைத்திருந்தார்கள். அழைப்பையும் டிஎன்ஏவையும் பார்த்த பிறகே பிரித்தார்கள். நம் கிரிக்கெட் தவளைக்கும் இதேதான் நடந்தது. அதோடு நம் புல் ஃப்ராக்கின் சொந்தக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார். முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்கிறது டிஎன்ஏ ஆய்வு.

"அதான் ஏரி இருக்கே?"

இதைத்தான் எல்லாரும் கேட்பாங்க. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, ரொம்ப நல்ல விஷயம். ஆனால் ஏரியில் மீன் இருக்கும். மீன் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். மழைக்குட்டையில் மீன் இல்லை. வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறணும் என்ற ரேஸ் மட்டும்தான். பலூன் தவளைக்கோ இன்னொரு நிபந்தனை: வெயில் மாதங்களில் புதைந்து கிடக்க இளகிய மண் பக்கத்திலேயே வேணும். வண்டலூர், நன்மங்கலம் புதர்க்காடுகளில் அது கிடைக்கும். நம்ம தெருவில் அதைத் தருவது "சும்மா கிடக்கும்" மனைதான்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. நான் அப்போ ஆறாவது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த வருஷம் அப்பா அஞ்சு லோடு மண் அடித்து எங்க வாசலை உயர்த்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ராத்திரியைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டாங்க. தெருவில் எல்லாரும் அதையேதான் செய்தோம். மழைத் தண்ணீரும் தவளையும் கடைசி ரெண்டு மனைக்குள் ஒதுங்கின. போன கோடையில் அதில் ஒன்றிலும் ரப்பீஸ் கொட்டி மேடாக்கிட்டாங்க. இந்த வருஷ ஸ்பெக்ட்ரோகிராமில் மூணு பட்டைதான். பலூன் தவளையைக் காணோம்.

ரப்பீஸ்தான் காரணம் என்று ஒரு ராத்திரி டேட்டாவை வைத்துச் சொன்னால் எந்த ப்ரொஃபசரும் மார்க் போட மாட்டார். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அடுத்த பெருமழை ராத்திரி, ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள், உங்க ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ பக்கத்தில் இருக்கும் குட்டை ஓரம் நின்று இரண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. ஷூவும் டார்ச்சும் கட்டாயம். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். தேதி, நேரம், இடம் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஏற்றுங்க. சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம், எங்கே இருந்தாலும் சரி.

நான் மே மாசம் காலேஜை விட்டுப் போறேன். எதிர் மனையில் இன்னும் போர்டு வைக்கலை. அடுத்த அக்டோபரில் அங்கே எத்தனை பட்டை என்று நீங்களும் ஒருமுறை வந்து எண்ணிப் பாருங்க.