பழைய பஜேரோவுக்குப் பெரிய ஸ்பெயார் டயரா?

கொச்சிக்கடையிலிருந்து பஞ்சிகாவத்தைக்குப் பழைய பஜேரோவுக்கு 31 அங்குல ஸ்பெயார் டயர் தேடிப் போகிறவர்கள், முதலில் அளவுநாடாவை எடுக்கட்டும். வண்டியில் இருப்பது 235/75ஆர்15 டயர் என்றால் அதன் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர்; 31 அங்குலம் என்றால் 787. பின்கதவில் மாட்டினால் சுற்றிவர 27 மில்லிமீற்றர் கூடும். பம்பரில் முட்டுமா, இலக்கத் தகட்டை மறைக்குமா?

அதைவிடப் பாரம்தான் கவலை. கதவைப் பாதி திறந்து, டயரின் அடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கதவு மேலும் கீழும் ஆடினால் பிணைச்சல் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் பெரிய டயரை ஏற்றவே கூடாது.

பின்சக்கரம் பஞ்சரானால், வண்டியை இயக்கும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாக இருக்கும்படி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டு, பெரியதை முன்னுக்கு மாட்டுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல், மெதுவாக, அருகிலுள்ள டயர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள். அளவு வேறுபட்ட சக்கரங்களோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிஃபரன்ஷியலும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் பழுதாகலாம்.