ஆயில் எஞ்சினின் அமுக்கத்தைச் சோதித்தறிதல்

நாகரசம்பட்டிப் பக்கத்தில் ஏரிநீர் எட்டாத மேட்டுக் கொல்லைகளுக்குக் கிணறே கதி. அங்கே பழைய ஆயில் எஞ்சின் கிளம்ப மறுத்தால், பயிர் வாடுமே என்ற பதைப்பில் சிலிண்டரை உடனே கடைசல் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குமுன் அமுக்கத்தைச் சோதித்தல் நலம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 16-இல் ஒரு பங்காக அமுக்குவதால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. காற்று கசிந்தால் அவ்வெப்பம் எழாது.

டீசல் வழியை அடைத்து, டிகம்ப்ரஷன் நெம்புகோலை விடுவித்து, பெரிய சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுவோம். சக்கரம் எதிர்த்துப் பின்னோக்கித் துள்ளினால் அமுக்கம் சரியே. எளிதில் சுழன்றால் கசிவு உண்டு. காற்று இழுக்கும் குழாயில் சீறல் கேட்பின் உள்வால்வு. புகைக்குழாயில் கேட்பின் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்பின் ரிங்குகள் என்று கொள்ளலாம்.

ஐயம் நீங்காவிடில், எஞ்சின் ஆறியபின் இன்ஜெக்டரைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, மீண்டும் பொருத்திச் சுழற்றிப் பார்க்கலாம். (மிகுதியாக ஊற்றலாகாது, எண்ணெய் அமுங்காதாகையால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.) அமுக்கம் கூடினால் குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ உளது. கூடாவிடில் பெரும்பாலும் வால்வே. அதைத் தேய்த்துப் பொருத்தும் கூலி கடைசல் செலவை நோக்கச் சிறிது. ரிங்கே குறையெனினும், அது தேய்ந்ததா, கரி படிந்து ஒட்டியதா என முதலில் பார்க்கும்படி மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.