பாலைக் கரையும் வளமான கடலும்

கற்றல் விளைவு: நிலமும் கடலும் ஒரே உணவு வலையில் இணைந்திருப்பதை மாணவர் விளக்குதல்.

அறிமுகம்: மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தை ஒட்டி, 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது கலிஃபோர்னியா வளைகுடா. பாய்மரப் படகில் கரையோரமாகச் செல்வோர் ஒருபுறம் கள்ளிக்காட்டையும் மறுபுறம் திமிங்கலங்களையும் காணலாம். மழையே அரிதான கரையருகே இத்தனை கடலுயிர்கள் எப்படி? மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள்.

விளக்கம்: காற்றும் ஓதங்களும் ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருகின்றன. அந்நீரிலுள்ள சத்துகளால் தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றால் மத்தி மீன்களும், மத்தியால் கடற்பறவைகளும் வாழ்கின்றன. பறவைகளின் எச்சம் தீவுகளில் உரமாகிறது. 15 மீட்டருக்கும் உயரமாக வளரக்கூடிய கார்டோன் கள்ளி அங்கே அடர்ந்து செழிக்கிறது. கடலின் சத்து இவ்வாறு கள்ளியையும் அடைகிறது.

செயல்பாடு: சூரியன், மிதவை உயிரி, மத்தி, பறவை, எச்சம், கள்ளி என ஆறு மாணவர்கள் அட்டையுடன் நின்று நூலால் இணையட்டும். ‘மத்தி’ நூலை விட்டால் யார் யாருடைய நூல் தளர்கிறது?

கலந்துரையாடல்: ஓங்கிலை ஒத்த சிறு பாலூட்டியான வகீட்டா இவ்வளைகுடாவில் மட்டுமே வாழ்கிறது. டொடோவாபா மீனுக்கு விரிக்கும் செவுள்வலைகளில் சிக்கி, இன்று ஒரு சிலவே எஞ்சியுள்ளன. அதே வளைகுடாவின் தென்முனைப் பகுதியில் காபோ புல்மோ 1995இல் தேசியப் பூங்காவானது. ஊர் மீனவர்கள் அங்கே மீன்பிடிப்பதை நிறுத்தினர். 1999–2009 காலத்தில் மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் பெருகியது.

மதிப்பீடு: கள்ளியைக் காக்கக் கடலை ஏன் காக்க வேண்டும்? ஐந்து வரிகளில் எழுதுக.