கடன்பட்டார்க்குக் கணினித் துணை

பட்ட கடனை இறுக்க வகையற்று நிற்கும் நிலையை வங்குரோத்து என வழங்குகின்றோம். வணிகன் நொடித்துப் போனான் என்று ஊரார் கூறுவதும் இதனையே. முற்காலத்தில் இங்கிலாந்திலே கடன்பட்டோன் குற்றவாளியாகவே எண்ணப்பட்டான். அங்கு 1542இல் எழுந்த சட்டம் அவனுடைய பொருளைக் கைப்பற்றிக் கடன்கொடுத்தோர்க்குப் பங்கிட வழிசெய்ததேயன்றி, எஞ்சிய கடனினின்று அவனை விடுவிக்கவில்லை. உள்ளதை ஒளியாது ஒப்புவித்தவனுக்கு விடுதலை உண்டு என்னும் கொள்கை 1705ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அந்நாட்டிற் புகுந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கொள்கை 1978ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டக்கோவையில் விரிவாக இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்தின்கீழ் மனுச் செய்வோர்க்கென்றே மென்பொருள் ஆக்கும் சிறப்பு நிறுவனங்கள் அந்நாட்டில் உள்ளன. அவை தம் மென்பொருளின் முன்னேற்றங்குறித்து அறிவித்தல்கள் விடுப்பதும், பயன்படுத்துவோர்க்குத் துணைபுரிவதும் எத்துணை இன்றியமையாதன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. சட்டத்தின் அமைப்பு

அமெரிக்கச் சட்டக்கோவையின் அதிகாரங்களுள் மூன்றை அறிந்தாற் போதும். ஏழாம் அதிகாரத்தின்படி, சட்டம் விலக்களித்த பொருள்கள் போக, எஞ்சியவற்றை நம்பிக்கைப் பொறுப்பாளர் விற்றுக் கடன்கொடுத்தோர்க்குப் பங்கிடுவர். பதின்மூன்றாம் அதிகாரம், ஒழுங்கான வருவாயுடையோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளிற் கடனைத் தவணையாக இறுக்க வழிவகுக்கின்றது. பதினோராம் அதிகாரம் பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் சீரமைப்புக்கு உரியது. மனுப் பதிவானதும், கடனை அறவிடும் முயற்சிகள் பொதுவாக நிறுத்தப்படல் வேண்டும்.

இவ்வாறு காக்கப்படுவோன் தன் உடைமை, கடன், வருவாய், செலவு யாவற்றையும் அட்டவணைகளில் எழுதி, பொய்யாயின் தண்டனைக்குட்படுவேன் என ஒப்பமிடல் வேண்டும். பட்டியலில் ஒரு கடன்கொடுத்தோர் பெயர் விடுபட்டால், அக்கடன் தீராது நிற்கவுங்கூடும்.

2. மென்பொருளின் பணி

ஒரு பெயர் பல படிவங்களில் வரவேண்டும். ஒரு தொகை பல கூட்டல்களிற் சேரவேண்டும். தட்டச்சுப் பொறியால் இவற்றை நிரப்பிய காலத்தில், ஓரிடத்துத் திருத்தம் மற்றோரிடத்தில் மறக்கப்படுதல் எளிது. மென்பொருளிலோ ஒருமுறை பதிந்த செய்தி உரிய இடமெல்லாம் சென்றமைகின்றது. வங்குரோத்து நீதிமன்றங்களில் 2001 முதல் மின்வழிப் பதிவுமுறை பரவத் தொடங்கியபின், படிவங்களை அச்சிடாமலே அனுப்பவும் வழி பிறந்தது.

2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இத்தேவையை மேலும் பெருக்கிற்று. ஏழாம் அதிகாரத்தை நாடுவோரின் தகுதியை அளக்க அது ஒரு வருவாய்ச் சோதனையை விதித்தது. மனுவுக்கு முந்திய ஆறு மாத வருவாயின் சராசரியை, அவ்வம் மாநிலத்தின் நடுத்தர வருவாயோடு ஒப்பிடல் வேண்டும்; அதனை விஞ்சின், அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். இச்சட்டம் அவ்வாண்டு ஒக்டோபர் 17இல் நடைமுறைக்கு வருமுன்னரே மனுச் செய்துவிடப் பலரும் விரைந்தமையால், அவ்வாண்டின் மனுக்கள் 20 இலட்சத்தைத் தாண்டின.

3. மாறும் எண்கள்

சட்டத்திலுள்ள தொகைகள் பல, விலைவாசிக்கேற்ப மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் முதலாந் திகதி திருத்தப்படுகின்றன. 2022இல் 27,900 டொலராகவிருந்த கூட்டரசின் குடியிருப்பு விலக்களிப்பு, 2025 ஏப்ரல் 1 முதல் 31,575 டொலராயிற்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கூட்டரசின் விலக்களிப்புக்களைத் தெரிந்தெடுக்க இடமுள்ள மாநிலமொன்றில் ஒருவனுக்கு 200,000 டொலர் பெறுமதியான வீடு உண்டு; அதன்மேலுள்ள ஈட்டுக்கடன் 170,000 டொலர். அவனுக்குரிய மிகுதி 30,000 டொலர். ஏனைய விலக்களிப்புக்களை இங்கு கருதாது விடுவோம். 2025 மார்ச்சு 31இல் அவன் மனுச் செய்திருப்பின் 2,100 டொலர் காப்பின்றி நிற்கும். மறுநாட் செய்திருப்பின் முழுத்தொகையுங் காக்கப்படும். பழைய எண்ணையே வைத்திருக்கும் மென்பொருள், பிந்திய நாளில் வந்தவனையும் வீடு போய்விடுமோ என அஞ்சவைக்கும். புதிய எண் மட்டும் இருந்தாலும் போதாது. முந்திய நாளிற் பதிவான வழக்குக்குப் பழைய எண்ணே உரியது. ஆகவே இரண்டும் தத்தம் திகதியோடு அதனுள் இருத்தல் வேண்டும்.

சிறுவணிகர்க்கெனப் பதினோராம் அதிகாரத்திற் சேர்க்கப்பட்ட உட்பிரிவு இன்னுமொரு சான்றாகும். 2020 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபொழுது கடன் எல்லை 2,725,625 டொலர். கொள்ளைநோய்க் காலத்தில், அடுத்த மாதமே அது 75 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அவ்வேற்பாடு இடையில் ஒருமுறை காலாவதியாகிப் புத்துயிர் பெற்று, 2024 யூன் 21இல் முடிவுற்றது. எல்லை 3,024,725 டொலராகத் தாழ்ந்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் 3,424,000 டொலராயிற்று. எண்களேயன்றிப் படிவங்களும் மாறுவன. 2015 டிசம்பர் 1இல் படிவங்களின் அமைப்பும் இலக்கமும் பெரிதும் மாற்றப்பட்டன.

4. நல்ல அறிவித்தலின் இலக்கணம்

இத்தகைய மாற்றங்களுக்கிடையில் நிறுவனம் விடுக்கும் அறிவித்தல் விளம்பரமாதல் ஆகாது. அது ஐந்து வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். மாறியது எது? எந்நாள் முதல்? எவ்வழக்குகளுக்கு? முன்னரே தொடங்கி முடியாதிருக்கும் கோப்புக்களை என்செய்வது? இன்னுந் திருத்தப்படாத குறை யாது? இறுதி வினாவுக்கு விடையிறுக்கப் பல நிறுவனங்கள் தயங்கலாம். ஆயினும் குறையை முன்னறிந்த சட்டத்தரணி அதனைக் கையாற் சரிபார்த்துக் கொள்வர். அறியாதவரோ பிழையின்மேல் ஒப்பம் பெறுவர்.

5. துணைப்பணியின் எல்லை

துணை எத்துணை நல்லதாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கடன்பட்டோரே நேரிற் பயன்படுத்துமாறு இணையவழி மென்பொருள் வழங்கிய ஒருவரின் வழக்கை, 2007இல் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. எவ்விலக்களிப்பு எதற்குப் பொருந்தும் என்பதை அம்மென்பொருளே தெரிந்து கொடுத்தது. அது வெறும் எழுத்துவேலையன்று, உரிமமின்றிச் சட்டத்தொழில் புரிதலே என நீதிமன்றம் தீர்த்தது. எனவே, படிவத்தை எங்ஙனம் நிரப்புவது எனத் துணைப் பகுதியினர் விளக்கலாம். எவ்வுரிமையைக் கோருவது என ஆலோசனை கூறுதல் சட்டத்தரணியின் கடமை.

முடிவுரை

இன்று நம் மாணாக்கர் பலர் கணினித் துறையை விரும்புகின்றனர். பழைய மாணவருட் கணக்காளரும் சட்டத்தரணிகளும் அத்துறையின் ஆக்கங்களை நாடோறுங் கையாளுகின்றனர். கட்டி முடித்த அன்றே குளத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் அணைக்கட்டைப் பார்த்து, தூர்வாரி, மதகைச் செப்பனிடுதல் வேண்டும். மென்பொருளும் அத்தகையதே. புதியன புனைவோர்க்குக் கிடைக்கும் புகழ் பழையதைப் பேணுவோர்க்குக் கிடைப்பதில்லை. எனினும், கூரையை இழக்கும் நிலையில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, ஏப்ரல் முதலாந் திகதி காலையிற் சரியான எண்ணை அம்மென்பொருளில் எழுதிவைத்தவனே பேருதவி செய்தவனாவான். அவ்வுதவியைச் செய்யும் பொறுமையை நம் மாணாக்கர் இளமையிலேயே பயில்வாராக.