செல்போனில் தெரியும் கடலடி

"கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் செயற்கைக்கோள் படம்பிடித்துவிட்டது. செல்போனைத் திறந்தால் மலையும் பள்ளமும் தெரிகிறதே" என்று நன்கு படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரிவது உண்மைதான், ஆனால் அது புகைப்படம் இல்லை. 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் அநேகமாகக் கிடையாது. ரேடியோ அலைகளோ உப்புநீரில் இறங்கியதுமே அடங்கிவிடும். செயற்கைக்கோள் அளப்பது கடலின் மேற்பரப்பை மட்டும்தான். அடியில் 2,000 மீட்டர் உயரத்தில் ஓர் எரிமலை இருந்தால், அதன் ஈர்ப்பு சுற்றிலும் உள்ள நீரைத் தன்பக்கம் இழுக்கும். நேர் மேலே கடல் ஏறத்தாழ 2 மீட்டர் மேடுதட்டும். அந்த மேட்டை வைத்துத்தான் கீழே மலை இருப்பதாகக் கணக்குப் போடுகிறார்கள். போர்த்திக்கொண்டு படுத்திருப்பவரின் முழங்கால் தெரியும், விரல் தெரியாது, அந்த அளவுதான்.

விரல் தெரிய வேண்டுமென்றால் கப்பல் போயாக வேண்டும். கப்பலின் அடியில் பொருத்திய சோனார், விசிறி விரித்தாற்போல நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளைக் கீழே அனுப்பும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 3,500 மீட்டர் ஆழமென்றால் எதிரொலி திரும்பி வர நாலரை விநாடிக்கு மேல் ஆகும். நீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும்; அதனால் முதலில் ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி அந்த வேகத்தை அளந்துகொள்கிறார்கள். பிறகு சைக்கிள் வேகத்தில், உழவு ஓட்டுவதுபோலப் போவதும் திரும்புவதுமாக நாள்கணக்கில் அளக்க வேண்டும். 2025 வரை இப்படி அளந்து முடித்தது உலகக் கடலடியில் 27 சதவீதம்தான்.

2009-இல் கூகுள் எர்த்தில் ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே கடலடியில் கட்டம்கட்டமாகக் கோடுகள் தெரிந்தன. கடலில் மூழ்கியதாகக் கதையில் வரும் அட்லாண்டிஸ் நகரத்தின் தெருக்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவை சோனார் கப்பல்கள் போன தடங்கள். கப்பல் போன இடம் துல்லியம், அக்கம்பக்கம் மங்கல்.

வரைபடத்தில் சிவப்பாக இருப்பது கொதிக்கும் எரிமலைக் குழம்பு என்பது இன்னொரு நம்பிக்கை. வழக்கமான வண்ணத்தில் சிவப்பு என்றால் மேடு, நீலம் என்றால் ஆழம். வெப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடல்தரை பிளந்து விரியும் நடுக்கடல் மலைத்தொடர் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளம். அதை யாரோ ஆழத்தில் இறங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தில் 1952-இல் மேசைமுன் உட்கார்ந்து, அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களின் எதிரொலி அளவுகளை ஆறு குறுக்குவெட்டுகளாக வரைந்தவர் மேரி தார்ப். தொடரின் உச்சியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரு பள்ளம் விழுவதை அவர் கவனித்தார். உடன் வேலை பார்த்த புரூஸ் ஹீசன் தரை அங்கே பிளக்கிறது என்று அவர் சொன்னதை முதலில் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். நிலநடுக்கப் புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது அவையும் அதே பள்ளத்தில் வந்து விழுந்தன. பெண் என்பதால் அந்தக் காலத்தில் ஆய்வுக் கப்பலில் ஏறவே அவருக்கு அனுமதியில்லை.

"கடலுக்கடியில் எரிமலை வெடித்தால் மேலே தெரியாமலா போகும்?" தெரியாமல் போகும். இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்கு அருகே மயோட் தீவு. 2018 மே மாதம் அங்கே நில அதிர்வுகள் தொடங்கின. மே 15 அன்று 5.8 அளவில் ஒன்று. மாதக்கணக்கில் வீடுகள் ஆடின. கடலில் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. அடுத்த மே மாதம் 'மரியோன் துஃப்ரேன்' கப்பல் சோனாரோடு போனது. தீவுக்குக் கிழக்கே 50 கிலோமீட்டரில், 3,500 மீட்டர் ஆழத்தில், 820 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை நின்றுகொண்டிருந்தது. அதன் உச்சியிலிருந்து கிளம்பிய பீறிடலையும் சோனார் பிடித்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் எழும்பி, மேலே வந்து சேராமல் நீருக்குள்ளேயே கரைந்திருந்தது. ஃபானி மவோரே என்று இப்போது அதற்குப் பெயர்.

அந்த மலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதே இடத்தில் 2014-இல் எடுத்த சோனார் அளவு. அப்போது அந்தப் பக்கம் போன கப்பல், வெறும் சமதரையைப் பதிவு செய்திருந்தது. அந்தப் பழைய அளவு கையில் இருந்ததால்தான், மலையின் வயது ஐந்தைத் தாண்டாது என்று அடித்துச் சொல்ல முடிந்தது.